வைரக் கம்பெனியின் முதல் குழி

அன்று காலை, குழி தோண்டக் குறித்து வைத்த இடத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: கம்பெனியைத் தொடங்கிய அங்கிள், அவருடைய மனைவியான அன்ரி, மெல்பேர்ணின் ரோவிலிலிருந்து வந்திருந்த டொக்டர். இல்லாதவர்கள் இரண்டு பேர்: மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் ஓட்டுகிற பெடியனும் நானும். நாங்கள் டீசல் நிரப்பப் போயிருந்தோம். அவுஸ்திரேலியாவின் வட மூலையில் டீசலுக்குப் போவது சிட்னியில் போவதுபோல் அல்ல. விடிய வெளிக்கிட்டால் பொழுது சாயத்தான் திரும்பலாம். அந்தப் பகலில் நடந்ததைப் பிறகு டொக்டரின் போனில் வீடியோவாகத்தான் பார்த்தேன்.

வீடியோவில் அன்ரி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு செம்மண்ணில் முழங்காலூன்றி இருக்கிறார். முன்னால் ஒரு முழ ஆழத்தில் சின்னக் கிடங்கு. அங்கிள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கற்பூரம் அணையாதபடி தொப்பியால் மறைக்கிறார்.

"கெதியா முடியுமப்பா, வெயில் ஏறுது."

படம் பிடிக்கிற டொக்டரின் குரல் மட்டும் கேட்கிறது. "அக்கா, இது வீட்டு அத்திவாரமில்லை, குழி. குழிக்கு ஆர் பூசை செய்யிறது?"

"மண்ணில கை வைக்கிறதெண்டா எல்லாம் ஒண்டுதான். நீர் படத்தை ஆட்டாமல் எடும்."

தேங்காய் உடைகிறது. பாலும் நவதானியமும் பூவும் கிடங்குக்குள் போகின்றன. கடைசியாக ஒரு சின்னச் சிவப்புத் துணி முடிச்சு. அன்ரி இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்துகிறார். அவ்வளவுதான் வீடியோ.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். சிட்னியில் ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு தோசைக் கடைக்கு மேலே ஓர் அறை. எங்கள் நில வரைபடங்களில் சாம்பார் மணக்கும். இயக்குநர்கள் மேலே சொன்ன மூன்று பேர். சம்பளத்துக்கு இருந்தவன் நான் ஒருவன்.

அங்கிள் என்னைப் பிடித்தது டூங்கபியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில். படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன்.

"தம்பி என்ன படிச்சனீர்?"

"ஜியோலஜி, அங்கிள்."

"கல்லோ?"

"ஓம், கல்லு."

கையிலிருந்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். "எங்கட பெடியள் எல்லாம் ஐ.டி. எண்டு போகுதுகள். கல்லுப் படிச்ச ஒருத்தனை இண்டைக்குத்தான் காணுறன். திங்கக்கிழமை வாரும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மன்னார்க் கடலில் சின்ன வயதிலேயே வலை இழுக்கப் போனவர். இங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே இந்த நாட்டுக்கு வந்த பிறகு. பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வைரக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றபோதுதான் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "அது களவு வேலையில்லையே?"

அங்கிள் பொறியியலாளர். இளம் வயதில் இந்த நாட்டின் வடக்கே ரோட்டுப் போடுகிற வேலையில் சில வருடங்கள் இருந்தார். அங்கே பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் புவிச்சரிதவியலாளன், ஆற்றுச் சரளையைக் கழுவி எடுத்த ஒரு வைரத்தை அங்கிளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினானாம். பாசிப்பயறைவிடச் சிறியது. "சுடுதண்ணி பட்ட மாதிரி இருந்துது தம்பி," என்பார் அங்கிள். அதற்குப் பிறகு எந்த ஆற்றைக் கண்டாலும் குனிந்து பார்க்காமல் கடக்க முடியாத மனிதராகிவிட்டார். வேலையில் இருந்தார், பிள்ளைகளைப் படிப்பித்தார், கட்டிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற வருடத்தில், அந்த ஆற்றின் மேற்பகுதிக்கான தேடும் உரிமையை ஒரு பெரிய கம்பெனி கைவிட்டது. அடுத்த நாளே அங்கிள் அதற்கு விண்ணப்பித்தார். செலவுக்குத் தன் டூங்கபி வீட்டை வங்கியில் ஈடு வைத்தார். டொக்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட்டார்.

எல்லாம் ஒரு கல்லில் தொங்கியது. பேர்த்தில் உள்ள ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி சொல்லியிருந்தது: அந்த ஆற்றுச் சரளையிலிருந்து ஒரே ஒரு வைரத்தைக் காட்டுங்கள், பங்குக்கு வருகிறோம், இதுவரை செலவான காசையும் தருகிறோம். வைரம் கிடைத்தால் டூங்கபி வீடு மிஞ்சும். கிடைக்காவிட்டால் வீடு வங்கிக்கு.

முதன்முறை அந்த நிலத்தில் இறங்கியபோது முதலில் மலைகளைத்தான் பார்த்தேன். மலை என்று சொல்ல மனம் வராது. மலைகள் தேய்ந்து தேய்ந்து மிஞ்சிப்போனவை, படி படியாய்ச் சிவந்து நின்றன. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் மாரியில் வந்த வெள்ளம் என் தலைக்கு மேலே, மரக்கிளைகளுக்கு இடையில் சருகையும் தடியையும் சொருகிவிட்டுப் போயிருந்தது. அண்ணாந்து பார்த்து, அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். கால் தன்பாட்டில் கரைக்கு ஏறிவிட்டது.

கரையில் பெருக்கமரங்கள் நின்றன. மன்னாரில் நிற்கிற பெருக்கமரத்தை நான் படத்தில் மட்டுமே கண்டவன். இங்கே அதே தொந்தியோடு, அதே வேர் மேலே கிளை கீழே போன்ற தோற்றத்தோடு, வரிசையாக நின்றன. படம் பிடித்து வைத்திருந்து, போன் வேலை செய்கிற இடத்துக்கு வந்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் எடுத்தார்.

"இது எப்பிடியடா அங்க போனது?"

"வடிவாத் தெரியாதம்மா. பெரிய ஆக்களுக்கும் தெரியாது."

"அப்ப என்னத்தைப் படிச்சனீ?"

வைரம் அந்த ஆற்றில் விளைவதில்லை. நூறு கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில், மனிதன் ஒருநாளும் போக முடியாத சூட்டிலும் அழுத்தத்திலும் அது உருவாகிறது. எண்ணிப் பார்க்க முடியாத காலம் அங்கேயே கிடக்கிறது. பிறகு ஒரு நாள் எரிமலைக் குழாய் ஒன்று அதைப் பிடித்து மேலே எறிகிறது. குழாய் தேய்கிறது, மழை கழுவுகிறது, ஆறு இழுத்து வந்து, ஒரு வளைவில், கூழாங்கற்களுக்கு இடையில் விட்டுவிட்டுப் போகிறது. அந்த வளைவைத்தான் நாங்கள் தேடினோம். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவன்தான். ஆனாலும் வளைவில் நின்று ஒரு பிடி சரளையை அள்ளி ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தேன்.

வேலை தொடங்க முன்பு ஒரு கட்டுப்பாடு போட்டேன்: ஒருவரும் நகை போடக் கூடாது. மோதிரத்துக் கல் ஒன்று கழன்று சரளைக்குள் விழுந்தால் அத்தனை பாடும் வீணாகிவிடும். டொக்டரின் மோதிரம் சவுக்காரம் போட்டும் கழலவில்லை, தேங்காயெண்ணெய்க்குத்தான் அசைந்தது. "கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இது வெளியில வருது. மனுசிக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார். அன்ரி தோட்டையும் மூக்குத்தியையும் டூங்கபியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். தாலிக்கொடி மட்டும் கழுத்தில் இருந்தது. "இதில கல்லில்லைத் தம்பி. வேணுமெண்டாப் பாரும்," என்றார். வேண்டாம் அன்ரி என்றேன். அவர் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். துப்பரவு விஷயத்தில் எனக்குச் சொல்லித்தர அவருக்கு நிறைய இருந்தது.

பூசைக்கு முதல் நாள், அந்த நிலத்தின் ஆதிக்குடிச் சனத்தைச் சேர்ந்த மூத்த அம்மா ஒருவர் பேரனோடு வந்தார். எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று நடந்து நடந்து காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு ஆற்றில் மிஞ்சிக் கிடந்த நீர்க்குட்டையருகே நின்று, எதிர்க்கரையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல் தன் மொழியில் உரத்துப் பேசினார். எங்களைப் பற்றித்தான் தன் முன்னோருக்குச் சொல்கிறார் என்று பேரன் சொன்னான். புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு அன்ரி சொன்னார்: "அவ தன்ர ஆக்களுக்குச் சொல்லிப்போட்டா. நாங்களும் எங்கட முறையில ஒரு வார்த்தை கேக்க வேண்டாமே?"

அடுத்த நாள் விடிய நான் டீசலுக்குப் போனேன். பூசை நடந்தது. பின்னேரம் வந்தபோது எனக்குத் தேங்காய்ச் சொட்டும் கற்கண்டும் எடுத்து வைத்திருந்தார்கள்.

பூசைக் கிடங்கு, வீடு கட்டுகிற முறைப்படி, குறித்த இடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்தது. நாங்கள் தோண்டத் தொடங்கியது நடுவில். அதற்குள் அங்கிளும் அன்ரியும் டொக்டரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். தோண்டத் தோண்ட, நல்ல சரளைப் படுக்கை வடகிழக்காகவே சாய்ந்து போனது. நானும் பெக்கோப் பெடியனும் அதன் பின்னாலேயே அந்த மூலைவரை போனோம். அள்ளியதையெல்லாம் அங்கேயே கழுவினோம். எடை குறைந்த மணல் தண்ணீரோடு போய்விடும், கனமானது அடியில் தங்கும். தங்கியதை இரும்புப் பீப்பாவில் அடைத்து முத்திரை வைத்து மெல்பேர்ணுக்கு லொறியில் அனுப்பினோம். அதைச் சோதிக்கிற ஆய்வுகூடம் டொக்டரின் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்.

ஆய்வுகூடத்திலிருந்து போன் வந்தபோது நான் ஹோம்புஷ் அறையில் இருந்தேன். கீழே மத்தியானச் சனம். கல்லைப் பொறுக்கியெடுக்கிற பெண் பேசினார். மற்றக் கனிமங்களை இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் முதற் சுற்றிலேயே ஒன்று வந்திருக்கிறது என்றார். ஒன்று என்றால் என்ன என்று கேட்டேன். வைரம் என்றார்.

அங்கிளுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ரயிலெடுத்து டூங்கபிக்குப் போனேன். அவர் முற்றத்தில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். பைப்பை மூடினார்.

"வடிவாக் கேட்டனீரோ?"

"ஓம் அங்கிள்."

"திருப்பிக் கேட்டனீரோ?"

"திருப்பியும் கேட்டனான்."

நனைந்த கையோடு உள்ளே போய்ச் சாமியறைக் கதவில் சாய்ந்து நின்றார். குசினிக்குள் இருந்து வந்த அன்ரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். "பாத்தீங்களே, கேட்டுப்போட்டுத் தோண்டினா மண் தரும்." டொக்டர் ரோவிலிலிருந்து போனிலேயே விசிலடித்தார். பேர்த் கம்பெனியின் அதிகாரி, வெள்ளிக்கிழமை மெல்பேர்ணுக்கு வந்து கல்லை நேரில் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை நான் மெல்பேர்ணுக்குப் பறந்தேன். டொக்டர் வந்து ஏற்றிக்கொண்டு நேரே ஆய்வுகூடத்துக்குப் போனார். அந்தப் பெண் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, மிச்சத்தையும் பிரித்துவிட்டேன், நீங்களே பாருங்கள் என்றார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றும் சொன்னார்.

குனிந்து பார்த்தேன். நடுவில் வைரம். பட்டை தீட்டாதது. பக்கத்தில் இரத்தத் துளி போல ஒரு சிவப்புக் கல். ஒரு நீலம். ஒரு வெளிர் மஞ்சள். தேன் நிறத்தில் ஒன்று. பச்சையும் பழுப்பும் கலந்த ஒன்று. வெளிச்சம் அவற்றுக்குள் போய்த் தங்கி நின்றது. இந்தக் கல்லெல்லாம் ஒன்றாகப் பிறக்கிற பாறை உலகத்தில் எங்குமே இல்லை. இருந்தால், அதைக் கண்ட முதல் ஆட்கள் நாங்கள்.

டொக்டரும் பார்த்தார். "என்ன தம்பி இது, நகைக்கடைக்குள்ள குண்டு வெடிச்ச மாதிரிக் கிடக்கு?"

ரோவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்து, பூமியின் அடியிலிருந்து இவை எப்படி ஒன்றாக வந்திருக்கலாம் என்று படம் கீறத் தொடங்கினேன். புதுவகைப் பாறை. ஒருவேளை இரண்டு எரிமலைகள். டொக்டரின் மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. டொக்டர், தட்டை உருப்பெருக்கிக்குள்ளால் பிடித்த படத்தைக் கம்பெனி வாட்ஸப்பில் போட்டுவிட்டார்.

படம் போய்க் கொஞ்ச நேரத்தில் அன்ரி போன் எடுத்தார்.

"தம்பி, போனை ஸ்பீக்கரில போடும். டொக்டரும் கேக்கட்டும்."

போட்டேன்.

"அந்தப் படத்தில இருக்கிறது நிலத்தின்ர இல்லை. என்ர."

"என்ன அன்ரி?"

"நான் வைச்சது. பூசைக்கு. அத்திவாரத்துக்கு நவரத்தினம் வைக்கிறதெல்லோ? சிவப்புத் துணியில முடிஞ்சு வைச்சனான்."

எனக்கு மூளை தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. ஒன்பதில் முத்தும் பவளமும் மரகதமும் எடை குறைந்தவை. கழுவும்போது மணலோடு போயிருக்கும். கனமானவை ஆறு. தட்டில் இருந்ததும் ஆறு. பல்கலைக்கழகத்தில் படித்த பாடம் இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அன்ரி, நகை ஒண்டும் வேண்டாமெண்டு..."

"நகையெல்லாம் கழட்டினனான்தானே? அது நகையில்லையே தம்பி. மண்ணுக்குக் குடுத்தது. குடுத்தாப் பிறகு என்ர எண்ட நினைப்பே வரேல்லை. இப்ப அந்தச் சிவப்பையும் நீலத்தையும் கண்டாப் பிறகுதான் தலையில அடிச்ச மாதிரி இருந்துது."

டொக்டர் போனுக்குக் கிட்ட வந்தார். "அக்கா, பொறுங்கோ. சாமான் கடையில விக்கிற நவரத்தினப் பைக்கற்றில வைரமெண்டு கிடக்கிறது கண்ணாடித் துண்டு. லாப் வைரமெண்டு சொல்லுது. அப்ப வைரம் நிலத்தின்ரதான்."

"பைக்கற் வாங்கேல்லை. போன முறை யாழ்ப்பாணம் போகேக்க கஸ்தூரியார் வீதி நகைக்கடையில சொல்லி வைச்சு வாங்கினனான். பட்டை தீட்டாத கல்லு, எல்லாம் அசல். மண்ணுக்குப் போய்க் கண்ணாடியைக் குடுக்கிறதே?"

பின்னால் அங்கிளின் குரல் கேட்டது. "நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"நீங்கள் கற்பூரத்தைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்."

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பகிடிக் குரல் போய்விட்டது. "இஞ்ச பாருங்கோ அக்கா. இது எங்கள் நாலு பேருக்கும்தான் தெரியும். நாளைக்கு அந்த மனுசன் வந்து கையெழுத்து வைச்சா உங்கட வீடு மிஞ்சும். எனக்குப் போனா ஒரு கார் போன மாதிரி. உங்களுக்குப் போறது இருக்கிற வீடு. அதோட, உங்கட வைரம் கழுவேக்க எங்கையும் துலைஞ்சு, இது உண்மையா அந்த ஆத்தின்ர வைரமா இருக்கவும் கூடுந்தானே? தம்பி, நீ படிச்சவன். இருக்கலாமோ இல்லையோ?"

இரண்டு வீடும் என் பதிலுக்குக் காத்திருந்தது.

"இருக்கலாம்," என்றேன். அது உண்மை. "ஆனா..."

"ஆனாவை விடு. இருக்கலாம்தானே?"

"தம்பியைப் போட்டு நெருக்காதையும்," என்றார் அன்ரி. "இருக்கலாம் எண்டா, இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை என்ர எண்டுதான் நான் சொல்லுவன். நிலத்தின்ர எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ."

அங்கிள் எழுந்து நடப்பதும் நிற்பதும் கேட்டது. வாழ்க்கை முழுதும் ஒரு கல்லுக்காகக் காத்திருந்த மனிதர். கல் கிடைத்துவிட்டது என்று சாமியறைக் கதவில் சாய்ந்து நின்றதை நான் கண்டேன். இப்போது என்ன சொல்வார் என்று எனக்கு ஊகிக்கவே முடியவில்லை.

"தம்பி," என்றார் கடைசியில். "விடியப்புறம் மெல்பேர்ணுக்கு முதல் பிளைற்றில ரெண்டு ரிக்கற் கிடக்கோ எண்டு பாரும்."

வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தின் கூட்ட அறையில் பேர்த் அதிகாரிக்கு எதிரே அன்ரி உட்கார்ந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் அத்திவாரம் போடும்போது என்ன செய்வார்கள், ஒன்பது கல்லும் எந்த எந்தக் கிரகத்துக்கு, நிலத்தைக் காயப்படுத்துகிறோம் என்பதால் முதலில் அதற்குக் கொடுக்கிறோம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். டொக்டர் தன் போனில் இருந்த வீடியோவைக் காட்டினார். முதல் நாள் மறைக்கலாம் என்று வாதாடியவர், இப்போது சிவப்பு முடிச்சு தெரிகிற இடத்தில் தானே நிறுத்தி, விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

நரைத்த தாடிக்காரரான அந்த அதிகாரி முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அன்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அசல் வைரத்தையா மண்ணுக்குள் வைத்தீர்கள் என்று கேட்டார். உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குப் பொய்ச் சாப்பாடு வைப்பீர்களா என்று அன்ரி திருப்பிக் கேட்டார். அதிகாரி உருப்பெருக்கிக்கு எழுந்து போய் அந்த ஆறு கற்களையும் ஆற அமரப் பார்த்தார். எங்களிடம் திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. இன்று கையெழுத்து வைக்க முடியாது. ஆனால் அதே வளைவில் தள்ளி இன்னொரு குழி தோண்டுங்கள், என் ஆள் ஒருவன் கூட நிற்பான். அதில் ஒரு வைரம் வந்தால் பேச்சு மாறாது. செலவு உங்களுடையது.

அங்கிள் அந்த இடத்திலேயே ஓம் என்றார். கடன் கூடியது.

இரண்டாவது குழிக்கும் அன்ரி வந்தார். பூசை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பெக்கோவின் வாளி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அங்கிளின் உதடு அசைந்தது. எதையாவது எண்ணினாரோ, வேண்டிக்கொண்டாரோ தெரியாது.

அந்தக் குழியின் சரளைப் பீப்பாவை ஆய்வுகூடத்தில் திறந்தபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். வைரம் இல்லை. அந்தப் பெண் கடைசித் தட்டுவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். கறுப்பு மணிகள். மிளகுத் தூளளவு. ஒவ்வொன்றும் எட்டு முகத்தோடு, யாரோ செதுக்கி மினுக்கியதுபோல் இருந்தது. குரோமைற்று என்கிற கனிமம். வைரம் பிறக்கிற ஆழத்திலிருந்து, வைரத்தைத் தூக்கி வருகிற அதே குழாயில் ஏறி வருகிற மணி. அங்கிளைக் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதுகை வளைத்துப் பார்த்தார்.

"இது எங்க இருந்து வந்தது?"

"நூறு கிலோமீற்றருக்கு மேல, அங்கிள். கீழ இருந்து."

"அப்ப குழாய் இருக்கு."

"எங்கையோ இருக்கு. ஆத்துக்கு மேல. வைரம் அதில இருக்கோ இல்லையோ சொல்லேலாது."

அவர் தலையை எடுக்கவே இல்லை. டொக்டர் பொறுமையிழந்து, "அண்ணை, போதும், கண்ணைக் குத்தப்போகுது," என்றார். அதற்கும் எழும்பவில்லை. கடைசியில் நிமிர்ந்து, அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் நிறுத்தினார். "பாருமப்பா. இது அசல். நீர் வைக்காதது." அன்ரி பார்த்தார். தன் வீட்டையே விழுங்கிய மண்ணைப் பார்க்கிற முகம் அல்ல அது. கோயிலில் திரை விலகும்போது முன்வரிசையில் நிற்கிறவர்களின் முகம்.

குழாயைத் தேடப் போகிற காசு எங்களிடம் இல்லை. கறுப்பு மணிக்குப் பேர்த் கம்பெனி வராது. தேடும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தோம். கொடுக்க முன்பு இரண்டு குழியையும் மூடி, மேல் மண்ணைப் பழையபடி பரப்பி, அந்த நிலத்துப் புல்விதையைத் தூவ வேண்டும், அது சட்டம். பெக்கோப் பெடியன் கடைசி நாள் கூலி வாங்கவில்லை.

டூங்கபி வீடு ஏலத்துக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. இந்த ஊர் முறைப்படி, வீட்டு முற்றத்திலேயே. ஏலம் கூறுகிறவன் கோட்டும் சூட்டுமாகப் படியில் ஏறி நின்றான். கேட்க வந்தவர்கள் புல்லில் நின்றார்கள். அன்ரி பற்றிஸும் தேத்தண்ணியும் கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, ஆர் வீட்டை விக்கிறநேரம் சாப்பாடு குடுக்கிறது?" என்று டொக்டர் பல்லைக் கடித்தார்.

"வந்த சனத்தை வெறும் வாயோட அனுப்புறதே? நீரும் ஒண்டு எடும்."

விலை ஏறிக்கொண்டு போனது. ஒரு கட்டத்தில் இரண்டு குடும்பம் மட்டும் மிஞ்சியது. அதில் ஒன்று இளம் சோடி. அந்தப் பெண்பிள்ளையின் கையில் கைக்குழந்தை. அன்ரி அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, குசினிக்குக் காலையில் நல்ல வெயில் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுந்தது. சோடிக்குத்தான் வீடு. அங்கிள் போய் வீட்டை வாங்கிய பெடியனின் கையைக் குலுக்கினார்.

அங்கிளுக்கும் அன்ரிக்கும் அந்த வீட்டில் இனி ஒரு பங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் நடுவில், எதையோ இழந்தவர்கள் எவர் என்று புதிதாக வந்த ஆள் ஒருவனால் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் மரத்துக்குக் கீழே நின்று அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வடக்கே காய்ந்த ஆற்றில் நின்று வெள்ளத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்த நேரத்திலும் எனக்கு இவ்வளவு பிரமிப்பு வரவில்லை.

சனம் கலைந்த பிறகு, ஹோம்புஷில் வாடகைக்கு எடுத்த இரண்டறைப் பிளாற்றுக்குச் சாமான் ஏற்றினோம். கம்பெனியை மூடுவதற்கு அரசாங்கத்துக்கு முழுச் செலவையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கிளிடம் கேட்டேன். வாடகை வானின் பின்படியில் உட்கார்ந்து, ஒரு தாளும் பார்க்காமல் சொன்னார்: வங்கிக் கடன், வட்டி, இரண்டு குழி, இரண்டு பீப்பா, புல்விதை வரைக்கும் எல்லாம் சேர்த்து, எட்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் டொலர்.